நானூறு குதிரைகளைப் பிடிக்கும் காகிதம்

1997-இல் ஜாகுவார் கம்பெனி இரண்டு கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரட்டைப் பிள்ளைகள் என்றுதான் சொல்லத் தோன்றும். ஒன்று எக்ஸ்ஜே8, மற்றது எக்ஸ்ஜேஆர். இரண்டிலும் 4 லிட்டர், எட்டு சிலிண்டர் என்ஜின். எக்ஸ்ஜேஆரில் மட்டும் அந்த என்ஜினோடு ஒரு சூப்பர்சார்ஜர் சேர்ந்திருந்தது. அதனால் 290 குதிரைத்திறன் 370 ஆனது. முறுக்குவிசை 393 நியூட்டன் மீட்டரிலிருந்து 525-க்கு ஏறியது. காருக்கு அடியில் படுத்துப் பார்த்தவர்களுக்கு இன்னொரு வித்தியாசமும் தெரிந்தது. கியர்பாக்ஸ் வேறு. எக்ஸ்ஜே8-இல் இருந்தது ஜெர்மனியின் இசட்எஃப் செய்தது. எக்ஸ்ஜேஆரில் இருந்தது மெர்சிடிஸ் பென்ஸ் செய்தது. கடைவீதியில் நேருக்கு நேர் மோதும் போட்டியாளனிடமே போய்க் கியர்பாக்ஸ் வாங்கியிருந்தார்கள்.

அந்த மெர்சிடிஸ் பெட்டியின் பெயர் டபிள்யூ5ஏ580. கடைசி மூன்று இலக்கங்களில்தான் சேதி இருக்கிறது: 580 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும். 2014-இல் டாட்ஜ் நிறுவனம் ஹெல்கேட் என்ற பெயரில் 707 குதிரைத்திறன் கொண்ட சூப்பர்சார்ஜர் என்ஜினை வெளியிட்டபோதும் இதே கதைதான். அதன் முறுக்குவிசை 881 நியூட்டன் மீட்டர். தேர்ந்தெடுத்த பெட்டி இசட்எஃப்பின் 8எச்பி90. அந்தத் தொண்ணூறு ஏறக்குறைய 900 நியூட்டன் மீட்டரைக் குறிக்கிறது. என்ஜினுக்கு மூச்சுக் கூட்டினால் கியர்பாக்ஸையும் மாற்று என்பது தொழிற்சாலைகளின் வழக்கம்.

வீட்டு ஷெட்டில் வேலை பார்ப்பவருக்கு அது அவ்வளவு எளிதல்ல. அமெரிக்காவில் ஒருவர் தன் பழைய ஷெவர்லே சில்வராடோ பிக்கப்புக்குப் பெட்டியில் வரும் சூப்பர்சார்ஜர் கிட் ஒன்றை வாங்குகிறார். இரண்டு வாரக் கடைசிகளில் தானே மாட்டிவிடுகிறார். வண்டி புலிபோலப் பாய்கிறது. சில மாதம் கழித்து ஒருநாள், மூன்றாம் கியருக்கு மாறும்போது என்ஜின் மட்டும் சீறுகிறது, வண்டி நகர யோசிக்கிறது. ஆயிலைத் தொட்டு முகர்ந்தால் தீய்ந்த வாடை. இந்தக் கட்டுரை அவருடைய கியர்பாக்ஸைப் பற்றியது.

சூப்பர்சார்ஜர் செய்வது என்ன என்பதை விரைவாகப் பார்த்துவிடலாம். என்ஜின் ஒரு சுற்றில் எரிக்கும் பெட்ரோலின் அளவை அது இழுக்கும் காற்றின் அளவு முடிவுசெய்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். அதற்கு மேல் இன்னொரு 0.4 பார் அழுத்தி உள்ளே தள்ளினால், கணக்குப்படி காற்று 40 சதவீதம் கூட வேண்டும். அழுத்தும்போது காற்று சூடாகி விரிவதாலும், சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட் என்ஜினிடமிருந்தே பலத்தை வாங்கிக்கொள்வதாலும், கைக்கு வருவது 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த சில்வராடோவின் 5.3 லிட்டர் என்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போது 285 குதிரைத்திறனும் 440 நியூட்டன் மீட்டரும் தரும். இப்போது 570 நியூட்டன் மீட்டர். குதிரைத்திறன் 370-ஐத் தொட்டு, நானூறை எட்டிப் பார்க்கிறது.

இந்தக் கருவியின் பூர்வீகம் சுவையானது. இண்டியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் ஊரில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவி அது. கம்பளி ஆலைக்கு நீர்ச்சக்கரம் செய்யப் போய், அது காற்றை ஊதுவதைக் கண்டு உலைகளுக்கு விற்றார்கள் என்று ஒரு கதை உண்டு. நூறு ஆண்டு கழித்துக் கலிபோர்னியாவின் பந்தயப் பிரியர்கள், ஜிஎம் நிறுவனத்தின் 6-71 டீசல் என்ஜினில் இருந்த இதே ரூட்ஸ் ஊதுகருவியைக் கழற்றித் தங்கள் கார்களில் ஏற்றினார்கள். அந்தக் கார்கள் பலவற்றில் கிளட்ச் பெடல் கிடையாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1953-இல் தொடங்கிய பி அண்ட் எம் என்ற பட்டறை, ஹைட்ராமேட்டிக் எனும் குடும்பக் கார் ஆட்டோமேட்டிக்கைப் பிரித்து வலுவாக்கிப் பந்தயத்துக்குக் கொடுத்தது. 1940-ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைலில், கியர் மாற்றத் தெரியாதவர்களுக்காக என்று வந்த பெட்டி அது. ஆக, இன்று சில்வராடோக்காரர் படும் பாட்டுக்கு எழுபது வயதாகிறது.

எது உடைகிறது? கேட்டால் பெரும்பாலோர் பல்சக்கரம் என்பார்கள். கைமுறைக் கியர்பாக்ஸில் அது ஓரளவு சரி. அங்கே ஒரு சக்கரத்தின் ஒன்றிரண்டு பற்களே முழுச் சுமையையும் ஏற்கின்றன. ஆட்டோமேட்டிக்கில் இருப்பது வேறு வகை: நடுவில் சூரியப் பல்சக்கரம், சுற்றிலும் நான்கைந்து கோள் பல்சக்கரங்கள், அவற்றை வளைத்து உட்புறம் பற்கள் வெட்டிய ஒரு வளையம். சுமை நான்கைந்து இடங்களில் பிரிந்துகொள்வதால் பற்கள் சுலபத்தில் முறிவதில்லை. இந்த மூன்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழலவிடுகிறோம் என்பதைப் பொறுத்துக் கியர் மாறுகிறது. பிடித்து நிறுத்துவது யார்? அங்கேதான் பலவீனம் இருக்கிறது.

பிடிப்பவை கிளட்ச் அடுக்குகள். தோசைக்கல்லைவிடச் சிறிய, நடுவில் ஓட்டையுள்ள வட்டத் தட்டுகள். ஒன்றுவிட்டு ஒன்று வெறும் எஃகு. இடையில் வருபவற்றின் இரு முகங்களிலும் பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய பூச்சு. அந்தப் பூச்சு பெரும்பாலும் காகிதம். சொல்லலங்காரம் இல்லை, செல்லுலோஸ் இழையைக் காகிதம்போலவே தாளாக்கி, பிசினில் ஊறவைத்துச் சுட்டு, எஃகில் ஒட்டுகிறார்கள். வலு வேண்டிய இடங்களில் அராமிட் இழையும் கார்பனும் சேர்ப்பார்கள். எண்ணெயில் மூழ்கியிருக்கும் இந்தத் தட்டுகளை, பம்ப்பிலிருந்து வரும் ஆயில் அழுத்தம் ஒரு பிஸ்டன் வழியாக நெருக்குகிறது. நெருக்கினால் ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுழலும், விட்டால் தனித்தனியே ஓடும். இரண்டு டன் பிக்கப்பை இழுக்கும் பலம் முழுவதும் இந்த ஊறிய காகிதத்தின் வழியாகவே போகிறது.

கிணற்றில் வாளி இறைத்தவர்களுக்கு ஒன்று தெரியும். நிறைந்த வாளியைக் கயிற்றோடு இறுக்கிப் பிடித்திருக்கும் கைக்கு ஒன்றும் ஆகாது, தோள்தான் வலிக்கும். பிடி நழுவி ஒரு முழம் கயிறு உள்ளங்கையில் ஓடினால் போதும், தோல் உரிந்துவிடும். வாளியின் எடை இரண்டு சமயத்திலும் ஒன்றுதான். கிளட்ச் தட்டின் கதையும் அதுவே. முழுதாகப் பிடித்துக்கொண்ட கிளட்ச் 570 நியூட்டன் மீட்டரைச் சூடேறாமல் கடத்தும். அதே கிளட்ச், இரண்டு பக்கங்களுக்கும் இடையே நிமிடத்துக்கு 200 சுற்று வித்தியாசத்தோடு வழுக்கினால் அதில் பிறக்கும் வெப்பம் கிட்டத்தட்ட 12 கிலோவாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் பன்னிரண்டை ஒரு சாப்பாட்டுத் தட்டளவு இடத்தில் அடுக்கியதற்குச் சமம். காகிதம் முதலில் பளபளக்கும், பிறகு கருகும், பிறகு உதிரும். சூப்பர்சார்ஜர் கியர்பாக்ஸைக் கொல்கிறது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் கொல்வது வழுக்கல். கூடுதல் முறுக்குவிசை அந்த வழுக்கலைத் தொடங்கிவைக்கிறது.

அப்படியானால் பிடியை இறுக்குவது எப்படி? பள்ளிக் கணக்குதான். கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை நான்கு விஷயங்களின் பெருக்கல்: உராய்வுக் கெழு, உராயும் முகங்களின் எண்ணிக்கை, பிஸ்டன் தரும் விசை, தட்டின் சராசரி ஆரம். கணக்குக்காக ஒரு கிளட்ச்சை எடுத்துக்கொள்வோம். ஆறு காகிதத் தட்டுகள், ஆக 12 முகங்கள். உராய்வுக் கெழு 0.12. பிஸ்டனின் பரப்பு 80 சதுர சென்டிமீட்டர், ஆயில் அழுத்தம் 10 பார், ஆகவே விசை 8,000 நியூட்டன். ஆரம் 6 சென்டிமீட்டர். பெருக்கினால் 690 நியூட்டன் மீட்டர். ஒரு தட்டைக் கூட்டினால் 800-ஐத் தாண்டும். தட்டை விட்டுவிட்டு அழுத்தத்தை மட்டும் 12 பார் ஆக்கினால் 830. இரண்டையும் செய்தால் 970. எண்ணிக்கை, அழுத்தம் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டாலே பிடி 40 சதவீதம் கூடிவிடுகிறது. ஆரத்தை மாற்ற வழியில்லை, பெட்டியின் சுவர் தடுக்கும். உராய்வுக் கெழு தட்டையும் ஆயிலையும் பொறுத்தது.

சில்வராடோவில் இருக்கும் பெட்டியின் பெயர் 4எல்60இ. நான்கு கியர், எல் என்பது வண்டியின் நீளவாக்கில் பொருத்துவது, 60 என்பது வலிமையின் வரிசை எண், இ என்றால் மின்னணு. 1982-இல் வந்த 700ஆர்4 என்ற பெட்டியின் வாரிசு அது. கம்பெனிக் கணக்கில் என்ஜினிடமிருந்து 488 நியூட்டன் மீட்டர் வரை வாங்கலாம். 440-க்கு அது போதுமானது, 570-க்குப் போதாது. லட்சக்கணக்கில் ஓடியதால் இதன் நோய்கள் அத்தனையும் அமெரிக்க மெக்கானிக்குகளுக்கு அத்துப்படி.

முதல் நோயாளி, மூன்றாம் நான்காம் கியர்களைப் பிடிக்கும் கிளட்ச். பெட்டிக்குள் மிகக் குறுகலான இடத்தில் அடைபட்டிருப்பது இதுதான். வலுவாக்க வேண்டும் என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது தட்டுகளைக் கூட்டுவது. ஆறுக்குப் பதில் எட்டு, ஒன்பது தட்டுகள் கொண்ட கிட்களே கடைகளில் கிடைக்கின்றன. இடம் கூடவில்லையே, எங்கே நுழைத்தார்கள்? எஃகுத் தட்டுகளை மெலிதாக்கினார்கள். இங்கே பள்ளிக் கணக்கு சொல்லாத ஒன்று குறுக்கே வருகிறது. கியர் மாறும் அந்த அரை நொடியில் பிறக்கும் வெப்பத்தை முதலில் விழுங்குவது எஃகுத் தட்டுதான். ஆயில் அதைப் பிறகு மெதுவாக வாங்கிக்கொள்ளும். மெல்லிய எஃகு சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் வளையும், வளைந்த தட்டில் ஓரிரு இடங்கள் மட்டும் உராய்ந்து அங்கே காகிதம் கருகும். முழுதாகப் பிடித்த பின் ஒன்பது தட்டு வலுவானது. பிடிக்கும் முன் ஆறு தட்டு வலுவானது. பந்தயத்தில் ஒரே ஒருமுறை வேகமாக மாறி முடிந்துவிடும் வண்டிக்கு மெல்லிய தட்டு பொருந்தும். படகை டிரெய்லரில் கட்டி மலையேறும் பிக்கப்புக்கு, எண்ணிக்கை குறைந்தாலும் தடித்த எஃகு வேண்டும் என்பதே என் கட்சி. இரண்டுக்கும் நடுவே ஒரு கெட்டிக்காரத்தனமும் உண்டு: ஒவ்வொரு தட்டிலும் ஒரு முகத்தில் மட்டும் காகிதம், மறுமுகம் வெறும் எஃகு. அப்படிச் செய்தால் எல்லாத் தட்டும் பிடிக்கவும் செய்கிறது, வெப்பம் விழுங்கவும் செய்கிறது.

இரண்டாம் கியரைப் பிடிப்பது தட்டு அல்ல, ஒரு பேண்ட். சுழலும் உருளையைச் சுற்றி இடுப்புவாரைப்போல் இறுக்கும் பட்டை. அதை இறுக்கும் பிஸ்டனுக்கு சர்வோ என்று பெயர். கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்காகச் செய்த பெரிய சர்வோ பிஸ்டனை வாங்கிப் போட்டால் அதே ஆயில் அழுத்தத்தில் பட்டை இன்னும் இறுகும். பெட்டியைக் கீழே இறக்காமலே மாற்றிவிடலாம். மொத்த வேலையிலும் செலவு குறைந்த, பலன் மிகுந்த திருத்தம் இதுவாகத்தான் இருக்கும்.

பேண்ட் நன்றாகப் பிடித்ததும் அடுத்த பலவீனம் தலைகாட்டும். பேண்ட் பிடித்த உருளையையும் சூரியப் பல்சக்கரத்தையும் இணைக்க, மெல்லிய தகட்டில் அழுத்தி எடுத்த மணி வடிவக் கூடு ஒன்று இருக்கிறது; சன் ஷெல் என்பார்கள். அதன் கழுத்தில் உள்ள ஸ்ப்லைன் என்ற நெடுவரிப் பற்கள் வழித்துக்கொண்டு போய்விடும், அல்லது கழுத்தே விண்டுவிடும். அப்போது இரண்டாம் கியர், நான்காம் கியர், ரிவர்ஸ் மூன்றும் ஒரே நேரத்தில் காணாமல் போகும். ஒன்றும் மூன்றும் மட்டும் ஓடும். நாடி பார்க்கும் வைத்தியர்போல, எந்தெந்தக் கியர் இல்லை என்று போனில் கேட்டே எது உடைந்தது என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. தடித்த எஃகில் கடினப்படுத்திச் செய்த கூட்டைப் போட்டால் அந்தக் கவலை தீரும். பிறகு சுமை இன்புட் ஷாஃப்ட்டுக்குப் போகும். அதையும் உயர்ரக எஃகில் மாற்றினால் கோள் பல்சக்கரங்களுக்கு. நான்கு கோள்களுக்குப் பதில் ஐந்து வைத்து ஜிஎம் நிறுவனமே 4எல்65இ என்று ஒரு பெட்டியைச் செய்தது. அறுபது அறுபத்தைந்தானது அதனால்தான்.

இனி அழுத்தம். ஆட்டோமேட்டிக்கில் ஆயில் அழுத்தம் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. மெதுவாகப் போகும்போது குறைவு, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதிகம். எந்நேரமும் அதிகமாகவே வைத்தால் கியர் மாறும்போதெல்லாம் முதுகில் குத்துவிழும், பம்ப் பலத்தை வீணாக்கி ஆயிலைச் சுடவைக்கும். பழைய 700ஆர்4-இல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து ஒரு கேபிள் கியர்பாக்ஸுக்குப் போகும். மிதியின் ஆழத்தைச் சொல்லி அழுத்தத்தைக் கேட்டு வாங்கும். அந்தக் கேபிளைச் சரியாக முறுக்காமல் வண்டியை எடுத்தவர்கள் புதிதாகக் கட்டிய பெட்டியை ஒரே நாளில் எரித்திருக்கிறார்கள். 4எல்60இ-யில் கேபிள் இல்லை. கணினி ஒரு சோலனாய்டு வால்வுக்கு மின்சாரம் அனுப்புகிறது. மின்சாரம் கூடினால் அழுத்தம் குறையும், மின்சாரமே இல்லையென்றால் அழுத்தம் உச்சம். தலைகீழாகத் தோன்றினாலும் இதில் யோசனை இருக்கிறது: வயர் அறுந்தால் குத்திக் குத்தி ஓடுமே தவிர வழுக்கிச் சாகாது.

கணினி எவ்வளவு அழுத்தம் கேட்கும்? என்ஜின் எவ்வளவு முறுக்குகிறது என்று அது நம்புகிறதோ அவ்வளவு. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் காற்று சென்சார்கள். சூப்பர்சார்ஜர் இல்லாத என்ஜினின் அழுத்த சென்சார் 1 பார் வரை மட்டும் அளக்கும். அதற்கு மேல் அந்த என்ஜினில் வரவே வராது என்பதால். இப்போது உள்ளே 1.4 பார். சென்சார் தன் உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. முப்பது சதவீதக் கூடுதல் பலம் கணக்கிலேயே ஏறவில்லை. கணினி பழைய என்ஜினுக்குரிய அழுத்தத்தைக் கொடுக்கிறது, தட்டுகள் புதிய என்ஜினைப் பிடிக்கப் போராடுகின்றன. தரமான பாகங்களைப் பார்த்துப் பார்த்துப் போட்டவர்களின் பெட்டியும் எரிந்துபோவதற்கு இதுபோன்ற ஒரு கண்ணுக்குத் தெரியாத காரணம் பெரும்பாலும் இருக்கும். 2 பார் சென்சார், திருத்தி எழுதிய அழுத்த அட்டவணை, பம்ப்பில் அழுத்தத்தை உயர்த்தும் சற்றுப் பெரிய பூஸ்ட் வால்வு: விலை குறைவுதான். முதலில் செய்ய வேண்டியவை இவை. பலர் கடைசியில் செய்கிறார்கள்.

கியர் மாறும் கணத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். இந்தப் பெட்டியில் முதல் கியர் விகிதம் 3.06, இரண்டாவது 1.63. இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம். 5,500 சுற்றில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறினால் என்ஜின் ஏறக்குறைய 2,900-க்கு இறங்க வேண்டும். சுழன்றுகொண்டிருக்கும் கிராங்க் ஷாஃப்ட், டார்க் கன்வெர்ட்டர் (அதைப் பிறகு பார்ப்போம்) எல்லாவற்றின் வேகத்தையும் இழுத்துப் பாதியாக்குவது அந்த ஒற்றைப் பட்டை. இழுக்கும்போது என்ஜின் வேறு முழுப்பலத்தோடு எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது. மாற்றத்தைச் சுருக்கினால் வழுக்கும் நேரம் குறையும், வெப்பம் குறையும். ஷிஃப்ட் கிட் என்று விற்பவை இதற்காகத்தான்: ஆயில் போகும் துளைகளைப் பெரிதாக்கி, சில ஸ்பிரிங்குகளை மாற்றி, பிஸ்டன் சட்டென்று நிறையும்படி செய்வது. அளவு மீறினால் வெப்பத்துக்குப் பதில் அடி விழும். கருக வேண்டிய காகிதம் தப்பும், சன் ஷெல் உடையும்.

இதில் கணினி ஒரு உதவி செய்கிறது. கியர் மாறும் நொடியில் தீப்பொறியைத் தாமதப்படுத்தி என்ஜினின் பலத்தைக் கணநேரம் குறைத்துக்கொடுக்கும். பாரம் தூக்குபவர் தோள் மாற்றும் வரை நாம் கொஞ்சம் தாங்கிக்கொள்கிறோமே, அப்படி. வேகப் பிரியர்களுக்கு இது பிடிப்பதில்லை. வண்டி ஒரு கணம் மூச்சு வாங்குவதாகத் தோன்றுவதால், கணினியைத் திருத்தி எழுதும் டியூனரிடம் சொல்லி முதல் வேலையாக அதை அணைத்துவிடுகிறார்கள். இலவசமாகக் கிடைத்த காவல்காரனை அனுப்பிவிட்டுப் பூட்டுக்குப் பணம் செலவழிப்பது எனக்கு விளங்காத சிக்கனம்.

என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே இருப்பது டார்க் கன்வெர்ட்டர். ஓடும் மின்விசிறிக்கு எதிரே ஓடாத ஒன்றை வைத்தால் இதன் காற்றில் அது சுழலும்; காற்றுக்குப் பதில் ஆயில், இரண்டுக்கும் நடுவே ஆயிலைத் திருப்பிவிடும் மூன்றாவது இறகுவட்டம். அந்த மூன்றாவதின் புண்ணியத்தால், நிற்கும் வண்டி கிளம்பும்போது முறுக்குவிசை சுமார் இரண்டு மடங்காகும். 570 உள்ளே போனால் பெட்டிக்குள் நுழைவது 1,100-க்கு மேல். முதல் கியரில் அது மூன்று மடங்காகி 3,500 நியூட்டன் மீட்டரை நெருங்கும். அதனால் சூப்பர்சார்ஜர் எத்தனை குதிரை தருகிறது என்பதோடு எந்த வேகத்தில் தருகிறது என்றும் கேட்க வேண்டும். ரூட்ஸ் வகை 2,000 சுற்றிலேயே முழு அழுத்தத்தை நெருங்கிவிடும். கன்வெர்ட்டர் பெருக்கிக்கொடுக்கும் அதே நேரத்தில். மையவிலக்கு வகை என்ஜின் வேகம் ஏற ஏறத்தான் ஊதும், கிளம்பும்போது சாது. உச்சத்தில் இரண்டும் ஒரே குதிரைத்திறன் காட்டலாம், கியர்பாக்ஸுக்கு இரண்டாவதே கருணையுள்ளது.

கன்வெர்ட்டரும் சும்மா இருப்பதில்லை. பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜின் ஏறக்கூடிய வேகம் முறுக்குவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. முன்பு 1,800 சுற்றில் நின்றது இப்போது 2,050 வரை ஏறும். கூடுதல் அழுத்தத்தில் அதன் எஃகு ஓடு பலூன்போல உப்பி, முன்னே கிராங்க் ஷாஃப்ட்டை இடிக்கவும் வாய்ப்புண்டு. அதைத் தடுக்கத் தடித்த தகடு வைத்த கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. உள்ளே நெடுஞ்சாலை ஓட்டத்துக்காக ஒற்றைத் தட்டு லாக்கப் கிளட்ச் ஒன்று இருக்கும். 1990-களின் நடுவிலிருந்து ஜிஎம் அதை மென்மைக்காகச் சிறிது வழுக்கவிட்டே இயக்கியது. வழுக்கல் என்ற சொல் வந்தாலே காது விடைக்க வேண்டும். முழுதாகப் பிடி அல்லது முழுதாக விடு என்று அதை மாற்றுவது வலுவாக்குபவர்களின் வழக்கம்.

வெப்பத்தில் பெரும்பங்கு பிறப்பதும் இந்தக் கன்வெர்ட்டரில்தான். வண்டி நகராமல் என்ஜின் முறுக்கும்போது அதன் பலம் முழுவதும் ஆயிலைச் சூடாக்குவதற்கே போகிறது. 80, 90 டிகிரி செல்சியஸில் ஆயில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பட்டறைக் கணக்கு. வேதிவினைகள் வெப்பத்தோடு வேகம் பிடிக்கும் விதத்திலிருந்து வந்தது. ரப்பர் சீல்கள் இறுகும், அழுத்தம் கசியும், பிடி தளரும், மறுபடி வழுக்கல். ரேடியேட்டருக்குள் இருக்கும் சிறு கூலரைத் தாண்டி முன்னால் காற்றுபடும் இடத்தில் இன்னொரு கூலர், கூடவே ஒரு வெப்பமானி. கூலர் இல்லாமல் மற்ற எதையும் வாங்க வேண்டாம் என்பேன்.

ஆயிலைப் பற்றி ஒரு கிளைக்கதை. காகிதமும் எஃகும் கடைசிக் கணத்தில் சட்டென்று கவ்விக்கொண்டால் வண்டி உதறும். கவ்வலை மென்மையாக்க ஆயிலில் ஒரு வழுவழுப்புப் பொருள் சேர்ப்பார்கள். 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்கக் கார்களில் அந்தப் பொருள் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். டெட்ராய்ட்டில் ஒருவர் அலுங்காமல் கியர் மாற்றிப் போக, பெருங்கடலில் ஒரு திமிங்கிலம் செத்தது. சட்டம் அதைத் தடுத்ததும் வேதியியலாளர்கள் மாற்றுப்பொருள் தேடி அலைந்தார்கள். அந்தக் காலத்து ஃபோர்டு டைப் எஃப் ஆயிலில் இப்படி மென்மையாக்கும் பொருள் இல்லை, முரட்டுத்தனமாகக் கவ்வும். பந்தயக்காரர்கள் அதையே ஷிஃப்ட் கிட்டாக எல்லாப் பெட்டியிலும் ஊற்றினார்கள். லாக்கப் கிளட்ச் உள்ள பிற்காலப் பெட்டிகளில் அந்த வித்தையை முயல்வது வம்பு.

இத்தனையும் செய்த பிறகு ஒரு கணக்குப் பார்த்தால், ஜாகுவாரின் வழியே மலிவோ என்று தோன்றும். ஜிஎம்மிடமே 4எல்80இ என்ற மூத்த பெட்டி இருக்கிறது. 1964-இல் பிறந்த டர்போ 400-இன் வழித்தோன்றல். அந்த டர்போ 400-ஐ ரோல்ஸ் ராய்ஸும் ஒரு காலத்தில் ஜாகுவாரும், ஏன் ஃபெராரியுமே வாங்கிப் பொருத்தியிருக்கின்றன. ஃபோர்டு நிறுவனம் 1999-இல் எஃப்-150 லைட்னிங் பிக்கப்பில் சூப்பர்சார்ஜர் வைத்தபோது, 7.3 லிட்டர் டீசல் லாரிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த 4ஆர்100 பெட்டியை எடுத்து மாட்டியது; சின்னதைத் தேற்றிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் பெரிய பெட்டி கூடுதல் எடை. அதைச் சுழற்றவே என்ஜின் கொஞ்சம் பலம் கொடுக்க வேண்டும். முதல் கியர் விகிதம் 2.48 என்பதால் கிளம்பும் சுறுசுறுப்பும் குறையும். தாங்கி, புரொபெல்லர் ஷாஃப்ட், வயரிங் எல்லாம் மாற வேண்டும். 500, 600 நியூட்டன் மீட்டர் என்றால் 60-ஐ ஒழுங்காகக் கட்டலாம். 700-ஐத் தாண்ட ஆசை இருந்தால் ஆரம்பத்திலேயே 80-ஐ வாங்கிவிடுவது பணத்தையும் மனத்தையும் காக்கும்.

நம் சில்வராடோக்காரர் 60-ஐயே கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். 500 மைல் ஓடிய பிறகு அடித்தட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தட்டின் மூலையில் ஒரு வட்டக் காந்தம் இருக்கும். அதில் விரலால் தடவினால் சாம்பல் நிறத்தில் மாவுபோல் ஏதாவது ஒட்டும். புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று பழகிய தூள், பயமில்லை. பளபளக்கும் சில்லுகள் வந்தால் எங்கோ எஃகு உடைகிறது. ஆயிலை வெள்ளைத் துணியில் சொட்டவிட்டுப் பார்ப்பார்கள்: சிவப்பாகப் பரவுகிறதா, நடுவில் கரும்புள்ளி தங்குகிறதா என்று. கரும்புள்ளி காகிதம். அது இல்லையென்றால் தட்டைத் துடைத்து, புது கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளைக் கையால் ஏற்றி முடுக்க ஆரம்பிக்கலாம்.